மனுவில் வெட்டிய வசனம்

வரவு செலவுத் திட்டம் வாசித்த அன்று சங்கக் கட்டடத்தில் எல்லோருக்கும் கொதி ஏறியது. படைக்கு ஒதுக்கிய காசு குறையவில்லை. அதைக் கட்ட வரியைக் கூட்டு என்று கொழும்பில் ஒரு தரப்பு, கடன் வாங்கு என்று இன்னொரு தரப்பு. இரண்டும் கடைசியில் எங்கள் தலையில்தான் விடியும். படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெயிலும் பிள்ளையின் பள்ளிக் கொப்பியிலும் வரி கட்டுகிறவர்கள் நாங்கள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் இத்தனை படையாட்களுக்கு ஏன் சோறு போட வேண்டும் என்று நான்தான் பெரிதாகக் கத்தினேன். மீனவர் சங்கத்துக்கு நான் செயலாளர். கத்துவதும் எழுதுவதும் என் பொறுப்பு.

ஊரார் கையெழுத்தோடு மனு தந்தால் சபையில் வாசிக்கிறேன் என்று எங்கள் பக்கத்துப் பாராளுமன்ற உறுப்பினர் சொல்லியிருந்தார். இரண்டு பின்னேரம் இருந்து எழுதினேன். ஆட்களைக் குறையுங்கள், முகாம் காணிகளை விடுங்கள், பாதுகாப்புச் செலவில் படை பண்ணை நடத்துவதை நிறுத்துங்கள். எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

தங்கச்சி வந்து அதை வாசித்தாள். புருஷன் செத்தபின் வெள்ளாங்குளத்துப் பக்கம் அப்படியொரு பண்ணையில்தான் வேலை செய்கிறாள். படை உடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போவாள். துவக்குப் பிடிப்பதில்லை, கஜு முந்திரிக் கன்றுக்குப் பாத்தி கொத்துகிறாள். இரண்டு பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள்.

"அண்ணா, இதில என்ர சம்பளமும் நிக்கப்போகுது."

"உன்னை ஆர் சொன்னது? பண்ணையை ஆமி ஏன் நடத்தவேணும்? விவசாயத் திணைக்களம் எடுக்கட்டும்."

"அப்ப அதையும் எழுதுங்கோவன். வேலை செய்யிற ஆக்களையும் சேத்து எடுக்கவேணும் எண்டு ஒரு வசனம். அந்த வேலைக்கு எனக்கு மனு எழுதித் தந்ததும் நீங்கள்தானே."

உண்மை. ஐயா, அம்மணி என்று கெஞ்சி, விதவை என்பதை இரண்டு இடத்தில் போட்டு எழுதிக் கொடுத்தவன் நான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைத்துப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான். அவள் முன்னாலேயே அந்த வசனத்தைச் சேர்த்தேன். வாசித்துவிட்டு, "இது காணும்" என்றாள். அவள் முகம் தெளிந்ததைக் கண்டு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிறு பூசை முடிய எல்லோரும் கட்டடத்தில் கூடினார்கள். உரக்க வாசித்தேன், கை தட்டினார்கள். அந்த வசனம் வந்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார். நாலு படகு வைத்திருக்கிற மனிதர்.

"உடுப்புப் போட்டவைக்கும் நாங்களோ வேலை கேக்கிறது? செயலாளர் தன்ர வீட்டு அலுவலையும் ஊர் மனுவில செருகிப்போட்டார்."

சிரிப்பு எழுந்தது. தங்கச்சி பெண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில் இருந்தாள். ஓம், என்ர தங்கச்சிதான், பிள்ளைகளுக்குச் சோறு போட அந்த உடுப்பைப் போடுறாள் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாருக்காக என்றாலும் சண்டைக்குப் போயிருப்பேன். சொந்தத் தங்கச்சிக்கு என்று வந்தபோது, என் பேரைக் காப்பாற்றப் பார்த்தேன்.

"வெட்டுவமோ?" என்று தலைவர் கேட்டார்.

என் பேனையாலேயே வெட்டினேன்.

கையெழுத்துத் தாள் பெண்கள் பக்கம் போனது. போடாமல் எழும்பிப் போனால் அதற்கும் கதை கட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எழுதிவிட்டுத் தாளைப் பக்கத்து மனுஷியிடம் கொடுத்தாள். குடையை எடுத்துக்கொண்டு என் பக்கம் பாராமலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து தாளைச் சரிபார்த்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில், கையெழுத்து. கடற்றொழில், கடற்றொழில், கருவாடு, கடற்றொழில் என்று போய்க்கொண்டிருந்தது. தங்கச்சியின் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதின அதே உருண்டை எழுத்தில், "ஒன்றுமில்லை" என்று இருந்தது.

திங்கட்கிழமை அந்தத் தாளையும் மனுவோடு சேர்த்துக் குத்தி அனுப்பினேன்.