ஹெர்டாவின் மூக்கில் ஆறாத புண்

பிரேசிலில் எங்கள் எஸ்பிரித்து சாந்து மலைகளில் பாதிப் பேர் ஐரோப்பாவின் பொமரேனியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வம்சம். பால் போன்ற தோல். நடுப்பகல் வெயில் பட்டால் தக்காளியாகிவிடும். பக்கத்துத் தோட்டத்து ஹெர்டாவும் செல்மாவும் அப்படித்தான் பிறந்தார்கள், ஒரே பிரசவத்தில். செல்மா தையற்காரரைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். ஹெர்டா வால்டெமாரைக் கட்டிக்கொண்டு காப்பித் தோட்டத்திலேயே இருந்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டு வயதில், சர்ச் விருந்தில் இருவரும் சோள ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த பாதிரியாரின் மனைவி செல்மாவிடம், "இவங்க உங்க அம்மாவா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆமாம்மா, இவளைப் பெத்துத்தான் இப்படி ஆயிட்டேன்" என்றாள் ஹெர்டா. எல்லோரும் சிரித்தோம். செல்மா மட்டும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்குல என்னடி அது?"

"காப்பிக் கிளை கீறிடுச்சு."

"ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்ன. ஒரு கீறல் இத்தனை மாசமாவா ஆறாம இருக்கும்?"

"ஆறும், மறுபடி கசியும். நெழல்ல உக்காந்து பட்டன் தைக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

மாதம் ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழகத்துத் தோல் டாக்டர்கள் சர்ச் கூடத்துக்கு வருவார்கள். ஹெர்டா ஒருமுறையும் போனதில்லை. அறுவடை என்பாள், பழம் காத்திருக்காது என்பாள். அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் செல்மா புருஷனின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ டாக்டர்கிட்ட போ. உன் வரிசைய நான் பறிக்கிறேன்."

வால்டெமார் விழுந்து விழுந்து சிரித்தார். "கொழுந்தியா, கூடை ஊசி மாதிரி இருக்காதும்மா, கனக்கும்."

"உங்க வாயவிடவா கனக்கப் போகுது அத்தான்?"

டாக்டர் இளம்பெண். புண்ணை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "இது வெயிலால வர்ற புற்றுநோய் மாதிரி இருக்குங்க. பெரும்பாலும் வேற இடத்துக்குப் பரவாது. ஆனா விட்டா மூக்கையே அரிச்சிடும்" என்றாள்.

"வயசானா தோல் இப்படித்தானே ஆகும்?"

டாக்டர் அவள் சட்டைக்கையைச் சுருட்டி, மேல்கையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுதான் உங்க வயசுக்கான தோல். முகத்துல இருக்கிற சுருக்கமும் புள்ளியும் முக்காவாசி வெயில் பண்ணினது. தோலை இழுத்துப் பிடிக்கிற நாரையே அது கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும். சின்ன வயசுல பட்ட வெயிலும் இதுல சேர்த்திதான்."

வெளுத்து, வழவழவென்று இருந்தது அந்த இடம். செல்மாவின் கை போலவே இருந்ததாம். யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்ததாக ஹெர்டா பிறகு என்னிடம் சொன்னாள். அழவில்லை. அன்றே மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டியெடுத்துத் தையல் போட்டார்கள்.

வீடு திரும்பியபோது செல்மா மாமரத்தடியில் கிடந்தாள். கழுத்து செக்கச்செவேல் என்றிருந்தது. கூடையில் பாதி இலை.

"எப்படிடி இதைத் தினம் செய்யற?" என்று முனகினாள். ஹெர்டா துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டு, இலைகளைப் பொறுக்க உட்கார்ந்தாள்.

வெட்டியெடுத்த சதையைச் சோதித்ததில் புற்றுநோய்தான் என்றும், மிச்சமில்லாமல் வந்துவிட்டது என்றும் தெரிந்தது. தழும்பு ஒரு நாசியைச் சற்று மேலே இழுத்துவிட்டது. சுருக்கங்கள் போகவில்லை, போகும் என்று யாரும் சொல்லவுமில்லை. இப்போது அகலத் தொப்பி, கழுத்து மறைய ஒரு துணி, முழுக்கைச் சட்டை. மண் ஒட்டுகிறது என்று திட்டிக்கொண்டே வெயில் தடுக்கும் கிரீமும் பூசுகிறாள். நடுப்பகலில் தோட்டத்தில் இறங்குவதில்லை.

"கல்யாணப் பொண்ணு வர்றா பாரு!" என்று அந்தத் துணியைக் கேலி செய்த வால்டெமாரை, அடுத்த முகாமுக்கு அவளே இழுத்துப்போனாள். அவர் காதில் சொரசொரவென்று இருந்த திட்டுகள் விட்டால் புற்றாகலாம் என்று, டாக்டர் உறையவைக்கும் மருந்தைத் தெளித்து அவற்றைக் கருக்கினாள். அவர் கத்தியது வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது.

"கொழுந்தியாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று வழியெல்லாம் கெஞ்சினார். அவர் பூட்ஸைக் கழற்றுவதற்குள் ஹெர்டா செல்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.