சித்தப்பாவின் வெள்ளைக்காரக் கேசட்

உனக்குப் பிடித்த ஆல்பம் எது என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என் பெண்ணும் அவள் சிநேகிதிகளும் கூடிவிட்டால் இந்தப் பேச்சுதான் ஓடும். யாருக்கும் தெரியாத குழு, யாரும் கேட்காத பாட்டு. எவ்வளவுக்கெவ்வளவு தெரியாததோ அவ்வளவுக்கவ்வளவு பெருமை. "உங்க காலத்துல இதெல்லாம் ஏதும்மா?" என்பாள். நான் சிரித்துக்கொண்டே காய் நறுக்குவேன். எனக்கும் ஒரு ஆல்பம் உண்டு. சொல்லலாம் என்றால் அதன் பேர் தெரியாது. பாடியவன் பேரும் தெரியாது. இனி அதைக் கேட்கவும் வழியில்லை.

அது என் சித்தப்பாவின் கேசட். எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தோல் பதனிடுகிற டேனரிக்குப் போனார்கள், மீதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போனார்கள். அப்பா டேனரியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். சித்தப்பா ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். புது மெஷின்களைப் பூட்டிக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு ஆள் வந்து மூன்று மாதம் தங்கியிருந்தான். ஊருக்குத் திரும்பும்போது அவன் சித்தப்பாவின் கையில் ஒரு கேசட்டைத் திணித்துவிட்டுப் போனான். அவன் தம்பியும் மூன்று தோழர்களும் தாங்களே பாடி, தாங்களே பதிவு செய்து, பாடப் போகிற இடத்தில் தாங்களே விற்கிற கேசட்டாம். அட்டையில் பென்சிலால் கிறுக்கிய ஒரு சைக்கிள் படம். கீழே கையால் எழுதியிருந்த பேரை ஊரில் ஒருவராலும் படிக்க முடியவில்லை.

சித்தப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்தது அன்றைக்குத்தான். வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தனியாகக் கேட்டால் தேவலை. வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்கார வைப்பார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் அவருடைய உயிர். அதில் ஒரு இடத்தில் டிரம்ஸ் சட்டென்று நின்றுவிடும். பாடுகிறவன் மட்டும் தனியாக ஒரு வரியை இழுப்பான். அப்புறம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். அந்த இடம் வருவதற்கு முன்பே சித்தப்பாவின் ஆள்காட்டி விரல் மேலே போய்விடும். நாங்கள் மூச்சுவிடக் கூடாது.

"இப்ப வரும் பாரு… இப்ப… நின்னுச்சா! உடம்பு சிலுக்குதா இல்லியா?"

தெருமுனையில் முடிவெட்டுகிறவர் "சிலுக்குது, சிலுக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினார். பக்கத்து வீட்டு பாய் மட்டும் பொறுமையாக முழுவதும் கேட்டார். "நல்லாத்தான் இருக்குது தம்பி. பாவம், அந்த ஆளுக்கு இன்னா பேஜாரோ" என்றார். அப்பாவோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். டேனரியில் தோல் ஊறுகிற டிரம் சுற்றும்போது வருகிற சத்தம் இதைவிட சுதி சுத்தமாக இருக்குமாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சித்தப்பா முணுமுணுத்தது அப்பா காதில் விழவில்லை. விழுந்திருந்தால் டேப் ரெக்கார்டர் தெருவில் கிடந்திருக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் சித்தி கல்யாணமாகி வந்தாள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள். வீட்டை ஆண்டது அப்பாவின் அக்கா, என் அத்தை. கணவர் போனபின் தம்பிகளோடு வந்து இருந்தவள். அத்தை இருக்கிற இடத்தில் சித்தி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா அவளையும் விடவில்லை. அரிசி பொறுக்கிக்கொண்டிருக்கிறவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விரலைத் தூக்குவார். சித்தி முறத்தைப் பார்த்தபடியே "ம்" என்பாள். பிறகு அடுப்படியில் வந்து என் அம்மாவிடம், "எங்க வீட்டுல எட்டுத் தறி ஓடும்க்கா. அந்தச் சத்தத்துலேர்ந்து தப்பிச்சோம்னு பார்த்தா இங்க இது" என்பாள். அம்மா சிரிப்பாள். வாயில்லாப் பூச்சிக்கு வாய்த்த புருஷனைப் பார் என்று எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

கல்யாணமான எட்டாவது மாதம் சித்தப்பாவுக்கு சவுதி விசா வந்தது. இரண்டு வருஷம் லீவு கிடையாது. பாட்டுக் கேசட் கொண்டுபோனால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தினார்கள். அதனால் சைக்கிள் படம் போட்ட கேசட்டை சித்தியிடம் கொடுத்து, பத்திரம் பத்திரம் என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போனார். அத்தை கேசட்டைப் பார்த்து, "பொண்டாட்டியைப் பத்திரமா பாத்துக்கன்னு சொல்லல, இதைச் சொல்றான் பாரு" என்றாள்.

அவர் போனபின் வீடு காதடைத்தது போல ஆகிவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், அம்மாவும் அத்தையும் இல்லை. சித்தி தரையில் ஒருக்களித்துப் படுத்து டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்திருந்தாள். எனக்கே கேட்காத அளவுக்குச் சத்தம் கம்மி. கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய விரல் மெல்ல மேலே போனது. ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "தூசி துடைச்சிட்டிருந்தேன் பாப்பா" என்றாள். நான் நம்பினேன். அவள் கையில் துணி இல்லை என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அந்தக் காலத்தில் கல்ஃபுக்குப் போனவர்களுக்குக் குடும்பமே கூடி உட்கார்ந்து கேசட்டில் பேசி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பேசலாம், அழுவதுகூட அங்கே போய்ச் சேரும். யாராவது லீவு முடிந்து திரும்புகிறவர்கள் பெட்டியில் வைத்து எடுத்துப்போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு பாய் ஓடிவந்தார். அவருடைய மேல்விஷாரத்து மருமகன் மத்தியானம் கிளம்புகிறாராம், பேசிக் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பாராம். புதுக் கேசட் வாங்கக் கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

வீட்டில் இருந்தவை மூன்றே கேசட். ஒன்று அத்தையின் சாமி பாட்டு. சாமி பாட்டை அழித்தால் குடும்பம் விளங்குமா? இன்னொன்று அப்பாவின் சினிமாப் பாட்டு. அப்பா கேசட்டைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். எல்லோரும் மூன்றாவதைப் பார்த்தார்கள், பிறகு சித்தியைப் பார்த்தார்கள்.

"அந்த வெள்ளைக்காரன் ஒப்பாரி போனா யாருக்கு நஷ்டம்? எடு" என்றாள் அத்தை.

சித்தி உள்ளே போய்க் கேசட்டை எடுத்து வந்தாள். பிறகு "சரி" என்றாள். நானே பட்டனை அழுத்துகிறேன் என்று மட்டும் சொன்னாள். மேலே பதிவு செய்ய முடியாதபடி கேசட்டின் முதுகில் இருந்த பல் உடைக்கப்பட்டிருந்தது. அப்பா பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து மடித்து அந்தப் பள்ளத்தில் அடைத்தார். சித்தி கேசட்டை முதலுக்குச் சுற்றி, எண் காட்டுகிற சின்னச் சக்கரத்தை பூஜ்யத்தில் வைத்தாள்.

எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அத்தை மட்டும் பத்து நிமிஷம் பேசினாள், அதில் பாதி அழுகை. அப்பா பஞ்சாயத்தில் பேசுகிறவர் போல் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். அம்மா பேசினாள். என் தம்பி திருக்குறள் சொன்னான். சித்தியின் கண் யார் முகத்திலும் இல்லை, அந்த எண்ணிலேயே இருந்தது. அவள் முறை வந்தபோது அத்தை, அப்பா எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். சித்தி முகம் சிவந்து, "நல்லா இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள். எட்டு மாதம் வாழ்ந்து, ஒரு வருஷமாகப் பிரிந்திருக்கிற புருஷனுக்கு அவளால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கடைசியாக என் முறை. நான் காலையிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். காந்தம் வைத்த பென்சில் பெட்டி, வெளிச்சம் அடிக்கிற வாட்ச், பேசுகிற பொம்மை. "சித்தப்பா, எனக்கு" என்று ஆரம்பித்ததும் டக்கென்று சத்தம். சித்தி பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

"டேப்பு முடிஞ்சிடுச்சு பாப்பா."

பொய். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், இடது பக்கத்தில் இன்னும் நாடா சுற்றியிருந்தது. "இன்னும் இருக்குது! சித்தி பொய் சொல்றா!" என்று கத்தினேன். நாடா கடைசி வரைக்கும் போனால் சிக்கிக்கொள்ளும் என்று சித்தி அத்தையிடம் சொன்னாள். அந்த மெஷினைப் பற்றி வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பின் பக்கத்திலாவது பேசுகிறேன் என்று நான் அழுதபோது பாய் வாசலில் நின்று "டைம் ஆச்சு" என்றார். சித்தி கேசட்டை அவரிடம் நீட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திருட்டுத்தனம் பண்ணினால் முகத்தைப் பார்க்க முடியுமா என்று நினைத்தேன். அன்றிலிருந்து சித்தியோடு டூ. அவள் ஊட்டினால் சாப்பிடமாட்டேன், அவள் பின்னினால் சடையை அவிழ்த்துவிடுவேன். அவள் ஒருநாளும் கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து சித்தப்பாவின் பதில் கேசட் வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். சித்தப்பா அத்தையின் உடம்பை விசாரித்தார், அப்பாவின் முதுகுவலியை விசாரித்தார், தம்பியின் குறளை மெச்சினார். "பாப்பா ஏன் பேசல? கோவமா?" என்றபோது நான் சித்தியை முறைத்தேன். பிறகு பேச்சு நின்றது. ஏதோ ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. முடிந்துவிட்டது என்று அப்பா கையை நீட்டியபோது சித்தப்பாவின் குரல் கம்மியாக வந்தது.

"கேட்டேன். டெய்லி கேக்குறேன்."

அவ்வளவுதான்.

"இன்னாத்த கேக்குறானாம்?" என்றாள் அத்தை. "இவ பேசினது ரெண்டு வார்த்தை. அதைப் போய் டெய்லி கேக்குறானாமா?"

பல வருஷம் கழித்து, சித்தியும் இல்லாமல், சித்தப்பாவும் இல்லாமல் போனபின் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது திடீரென்று எனக்குப் புரிந்தது. வீட்டார் குரலெல்லாம் அந்தக் கேசட்டின் பாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போக, கடைசிப் பாட்டு தொடங்கும் இடத்துக்கு முன்னால் சித்தி நிறுத்திவிட்டாள். எங்கள் பேச்சு முடிந்த இடத்தில் அவருக்கு அந்தப் பாட்டு வந்திருக்கும். அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல முடியாததையெல்லாம் அவள் அந்தப் பாட்டை வைத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எந்த எண்ணில் அது தொடங்கும் என்று தெரிய அவள் எத்தனை மத்தியானம் காதை ஒட்டிப் படுத்திருந்தாளோ. பஸ்ஸில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. சித்தி எழுந்து கொல்லைப்புறம் போனாள். பின்னாலேயே போனேன். கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பாவமாகிவிட்டது. இரண்டு மாதக் கோபத்தையும் விட்டுவிட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "உடு சித்தி, அழாத. உனக்குந்தான் ஒண்ணும் வரல, எனக்குந்தான் ஒண்ணும் வரல" என்று சமாதானம் சொன்னேன்.