மலர்க்கொடி பாடாத பாட்டு

மலர்க்கொடிக்குக் கார்ட்டூன் படங்கள் பிடிக்காது. ஆனால் இந்த நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து ஆடிய கார்ட்டூன் இளவரசிகளில் பாதிப் பேருக்குப் பாடியவள் அவள்தான்.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா டெங்கியில் போய்விட்டாள். தம்பிகளுக்குச் சோறாக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது, படிப்பு நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் இசைக்குழுவோடு பாடிக்கொண்டிருந்தவளை மலாக்காவில் ஒரு விருந்தில் கேட்டுவிட்டுத்தான் புவனேந்திரன் கூப்பிட்டார். கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் அவருக்கு ஸ்டூடியோ இருந்தது. வெளிநாட்டு இசைப் படங்களைத் தமிழாக்கித் தரும் வேலை. அதற்குள் மலர்க்கொடி லாரி ஓட்டும் சேகரனைக் கட்டிக்கொண்டு புலாவ் செபாங்குக்கு வந்திருந்தாள். அழைப்பு வரும் நாளெல்லாம் அங்கிருந்து ரயிலேறிப் போனாள். இளவரசிக்கும் பாடினாள், ஆள் வராத நாளில் ஆட்டுக்குட்டிக்கும் பாடினாள். படம் முடிந்ததும் ஓடும் பெயர்களில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. கேட்டால், அடுத்த படத்தில் பார்க்கலாம் என்பார் புவனேந்திரன்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில், புதிதாகப் பாட வந்த பெண்கள் இரண்டு பேர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். கதையே புரியவில்லை, எந்த உணர்ச்சியில் பாடுவது என்றார்கள். புரிய ஒன்றுமில்லை, எல்லாப் படமும் ஒரே படம்தான் என்று மலர்க்கொடி ஆரம்பித்தாள்.

"முதல்ல அம்மாவைக் கொல்லணும். அம்மா உயிரோட இருந்தா, 'எங்கடி போற, வந்து சாப்பிடு'ன்னு கூப்பிட்டுருவா. படம் அங்கேயே முடிஞ்சிரும். அப்புறம் பொண்ணு சன்னலைத் திறந்து, எனக்கு இந்த ஊரு பத்தலன்னு தொண்டை கிழியப் பாடணும். பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன்கூட திட்ட மாட்டான்."

ஒலிப்பதிவுப் பொறியாளர் தர்மினி சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்துப் பதிவுசெய்தாள். மலர்க்கொடி நிறுத்தவில்லை. மிருகம் ஒன்று பேசியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பொம்மை விற்காது. நல்ல மெட்டையெல்லாம் வில்லனுக்குத்தான் கொடுப்பார்கள், இசையமைப்பாளருக்கும் நல்லவர்களைப் பார்த்து அலுத்திருக்கும் அல்லவா. சோளப்பொரி தீரும் நேரத்தில் நண்பர்களுக்குள் சண்டை வரும். உடனே மழை பெய்யும், முதலில் பாடிய அதே பாட்டை வயலினோடு மெதுவாகப் பாடவேண்டும். யாராவது சாவார்கள், மேலே ஒரு சொட்டுக் கண்ணீர் விழும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் எதிரிப் படையும் சேர்ந்து ஆடும். அவர்கள் எப்போது ஆட்டம் பழகினார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது.

எல்லாமே பொய்தானா அக்கா என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்கம்மா செத்தப்ப ஒரு அணில்கூட வரல லா. தம்பிங்கதான் வந்தானுங்க, பசிக்குதுன்னு."

அதற்கும் சிரித்தார்கள்.

தர்மினி அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அதை இணையத்தில் போட்டாள். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவிவிட்டது. செர்காமிலிருந்து நாத்தனார் அழைத்துப் பேசினாள். பாசாரில் மீன் விற்பவர்கூட அணில் எங்கே என்று கேட்டார். அத்தனை காலம் பாடியும் கிடைக்காத பெயர் கிடைத்ததில் மலர்க்கொடிக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி நீடிக்கவில்லை. எங்கள் படத்தைக் கேலி செய்கிற பெண்ணா எங்கள் இளவரசிக்குப் பாடுகிறாள் என்று படமெடுத்த வெளிநாட்டு நிறுவனத்தில் கேட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் அமைதியாக இரும்மா, நானே கூப்பிடுகிறேன் என்றார் புவனேந்திரன். தர்மினி பதிவை நீக்கினாள். அதற்குள் ஆயிரம் பேர் எடுத்து வைத்திருந்தார்கள். மலர்க்கொடி காத்திருந்தாள். வருமானம் இல்லாமல் முடியாது என்று ஆனபின் தாம்பினில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தாள். தொண்டை கட்டாமலிருக்க அப்போதும் ஐஸ் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

மறு வருடம், குளிர்பதனப் பெட்டி பார்க்கச் சேகரனோடு மலாக்காவுக்குப் போயிருந்தாள். கடைச் சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள். எல்லாவற்றிலும் ஒரே இளவரசி மலையுச்சியில் நின்று தமிழில் பாடிக்கொண்டிருந்தாள், புதுப் படத்தின் விளம்பரம்.

"எப்ப பாடுன? என்கிட்ட சொல்லவே இல்ல," என்றான் சேகரன்.

"நான் பாடல."

"உன் குரலு எனக்குத் தெரியாதா?"

அவளுக்கும் தெரிந்தது. 'ல'கரத்தில் அவள் நாக்கு லேசாகச் சறுக்கும், அந்தச் சறுக்கல்கூட இருந்தது. ஆனால் அத்தனை நீண்ட அடியை மூச்செடுக்காமல் எந்தப் பெண்ணாலும் பாட முடியாது. குளிர்பதனப் பெட்டி வாங்காமலே திரும்பினார்கள்.

மறுநாள் காலை ரயிலில் கோலாலம்பூர் போனாள். புவனேந்திரன் மறைக்கவில்லை. உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவளுடைய பழைய பதிவுகளையெல்லாம் கணினிக்குக் கொடுத்துவிட்டார்களாம், இனி எந்தப் பாட்டையும் அதுவே பாடிவிடுமாம். நிறுவனத்தார் கேட்டதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஸ்டூடியோவையே மூடவேண்டியிருந்திருக்கும் என்றார். பாடகர்கள் நிற்கும் கண்ணாடி அறையில் பழைய நாற்காலிகளும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கிக் கிடந்தன.

"அது என் குரலுண்ணே."

"குரல் உன்னோடதுதான் மலரு. ஆனா நீ பாடலியே."

"அப்ப யாரு பாடுனா?"

அவர் தேநீரைக் கலக்கினார். "யாரும் பாடலம்மா."

தர்மினி படி இறங்கிக் கூடவே வந்தாள். தெருவுக்கு வந்ததும் சொன்னாள்.

"அக்கா, உங்க பதிவையெல்லாம் தேடி எடுத்துக் குடுத்தது நான்தான். நான் மாட்டேன்னா வேற ஆள் குடுத்திருப்பாங்க."

"குடுத்திருப்பாங்க. நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் லா."

தர்மினி அழுதாள். மலர்க்கொடிக்கு அவளைத் தேற்றவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லி நடந்தாள்.

மலர்க்கொடியும் சேகரனும் மலாக்காவில் ஆனந்தராஜா என்ற வழக்கறிஞரைப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் இழுக்கும், எந்த நாட்டில் போய் யாரைப் பிடிப்பது என்பதே முதல் கேள்வி என்றார். வெளியே வந்ததும், விடு மலரு என்றான் சேகரன். விட்டுவிட்டாள். அவனை மன்னிக்க மட்டும் கொஞ்ச காலம் ஆனது.

அந்த ஆண்டு பாலர் பள்ளியின் கலைவிழாவுக்குத் தலைமையாசிரியை நிர்மலாதேவி தேர்ந்தெடுத்தது அதே மலையுச்சிப் பாட்டு. பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டது, ஒலிபெருக்கியில் போட்டால் போதும், நீங்கள் ஆட்டம் மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றார். மலர்க்கொடி மறுக்கவில்லை. மாதக்கணக்கில் தன் குரலுக்குத் தாளம் தட்டிப் பிள்ளைகளை ஆடவைத்தாள்.

விழாவன்று அவள் மேடையின் ஓரத்தில் நின்று ஆட்ட உடையில் சிறகு கழன்ற பிள்ளைகளுக்கு அதை ஊசியால் குத்திப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒரு தாய் மகளைத் தேடி அங்கே வந்தவள் பாட்டைக் கேட்டுச் சற்று நின்றாள்.

"என்ன அருமையான குரலு. யாரு டீச்சர் பாடுனது?"

மலர்க்கொடி வாயிலிருந்த ஊசியை எடுத்தாள்.

"மெசினு," என்றாள். அடுத்த பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொன்னாள்.