சவரிமுத்துவின் கேசட்டில் ஒரு முழுப் பக்கம்

கம்பம் பக்கத்து லோயர் கேம்ப்பில் ஒரு கல்யாணம். நான் மைக்கில் இருந்தேன். கையில் கொடுத்த சீட்டை அப்படியே வாசிப்பது என் பல வருடப் பழக்கம். அன்றும் யாரோ நீட்டிய சீட்டைப் பிரித்து, "ஓர் அறிவிப்பு. கம்பத்தில் கேசட் கடை வைத்திருக்கும் சவரிமுத்து இன்று காலை மாரடைப்பால்..." என்று வாசித்துவிட்டேன். பெயர் அப்புறம்தான் உறைத்தது. மைக்கை அணைத்தேன். எனக்கு வந்த சாவுச் சேதியைக் கல்யாணப் பந்தல் முழுக்கச் சொன்ன பாவி நான்.

அவர் கடையில் பாட்டுப் பதிந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விசேஷங்களுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடும் எங்கள் ரேடியோ செட்டில் தொண்ணூற்றாறிலிருந்து பாட்டுப் போட்டவர் அவர்தான். துபாயில் இருந்த மைத்துனர் அனுப்பும் கேசட்டுகளும் இசைப் பத்திரிகைகளுமே அவருக்குப் பள்ளிக்கூடம். கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி, கேசட் அட்டையில் சிவப்பு மையால் எழுதிவைப்பார். மேல்நாட்டு ஆட்டப் பாட்டில் வகைக்கு ஒரு கணக்கு: ஹவுஸ் நூற்றிருபது, டெக்னோ நூற்று முப்பது, ட்ரான்ஸ் நூற்று முப்பத்தெட்டு.

"எல்லாம் ஒரே டமடமதானப்பா" என்று ஒருநாள் கேலி செய்தேன். அவர் கோபப்படவில்லை.

"டிஸ்கோ செத்துப்போச்சுன்னு அமெரிக்காவுல ரெக்கார்டக் கொளுத்துனாகண்ணே. சிகாகோவுல கறுப்பினப் பயலுக விடல. யாரும் வாங்காத தாள மிசினப் பழசுல வாங்கி, பாழடஞ்ச சரக்குக் கிட்டங்கியில வச்சு அடிச்சாக. அதான் ஹவுஸு. டெட்ராய்ட்டுல கார் பேக்டரியெல்லாம் மூடி ஊரே படுத்துருச்சு. அங்கன பெறந்தது டெக்னோ. வேண்டாம்னு விட்ட எடத்துல முளைச்சதுண்ணே இதெல்லாம்."

எனக்கு அன்று பாதிதான் புரிந்தது.

ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை நுழைக்க, டேப் மோட்டாரின் வேகத் திருகை சின்ன ஸ்குரு டிரைவரால் கடுகளவு திருப்புவார். இரண்டு டேப்பின் அடியும் ஒன்றாக விழும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஓடைப்பட்டிக் கல்யாணம் ஒன்றில் அப்படி அவர் போட்டபோது, திராட்சைத் தோட்டத்து ஆட்களெல்லாம் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். நான் பாட்டை நிறுத்தி, "பந்தி தயார், சாப்பிட வாருங்கள்" என்றேன். ஒரே நிமிடத்தில் ஆட்டக் களம் காலி.

"அண்ணே, நீங்க வாயத் தொறந்தாச் சோத்து ஞாபகம் வந்துருது. சனத்தக் கொஞ்சம் பசிக்க விடுங்க" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். முகம் வாடியிருந்தது.

டிஸ்கோவில் தொடங்கி ஹவுஸ், டெக்னோ வழியாக ட்ரான்ஸில் முடியும்படி, அடி அறுபடாமல் நாற்பத்தைந்து நிமிடம் ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பதிந்து வைத்திருந்தார். நம் சனங்கள் ஒருமுறையாவது அதை முழுதாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. எத்தனையோ விசேஷங்களில் போட்டுப் பார்த்தார். ஒருநாளும் முடிந்ததில்லை. காணாமல் போன பிள்ளை, வழியை மறித்த வண்டி, பந்தி என்று ஏதாவது சீட்டு வரும், நான் அறுத்துவிடுவேன். பதினாலு வருடம் அறுத்தேன்.

போன வாரம் ராயப்பன்பட்டி சர்ச்சில் அவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தோம். அவர் மனைவி அந்தக் கேசட்டை என்னிடம் நீட்டினார்.

"இதப் போடுங்கண்ணே. சாமியார்ட்டயும் சொல்லிட்டேன். உசுரோட இருந்தவரைக்கும் இத ஒருதரம் முழுசாப் போடணும்னு அவுக சொல்லிக்கிட்டே இருந்தாக."

போட்டேன். யாரும் ஆடவில்லை. கூடியிருந்த எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். முப்பது நிமிடம் போயிருக்கும், பந்தி தயார் என்று ஒரு சீட்டு வந்தது. கை தன்னால் மைக்குக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சமையல்காரர் வந்து முறைத்தார். சோறு ஆறியது. நாடா ஓடி முடிந்து டேப் 'டக்'கென்று நின்ற பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கேசட்டை அவர் மனைவியிடமே கொடுத்துவிட்டேன். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது. என் தொழிலில் நான் வாசிக்காமல் விட்ட ஒரே சீட்டு.