தொடலாமா?

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசற்படியிலேயே நிற்பாள். தோளில் பையோடு, உள்ளே ஓர் அடி எடுத்து வைக்காமல், “அம்மா, தொடலாமா?” என்று கேட்பாள். நான் “இரு இரு” என்று கத்துவேன். பின்பக்கமாக அழைத்துப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றி, வேறு துணி மாட்டி, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, “சரி, இப்போ தொடு” என்று சொன்ன பிறகுதான் என் மடியில் வந்து உட்காருவாள். மழையானாலும் இதுதான், சளி பிடித்திருந்தாலும் இதுதான். ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லார் வீட்டு அம்மாவும் இப்படித்தான் என்று நினைத்திருந்தாள், பாவம்.

நாங்கள் இருப்பது திருச்சானூரில், தாயார் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. என் வீட்டுக்காரர் திருப்பதிக்கும் திருச்சானூருக்குமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டில் உட்கார்ந்து மஞ்சள் குங்குமப் பொட்டலம் போடுகிறேன். ஒரு கவரில் மஞ்சள், குங்குமம், இரண்டு வளையல், ஒரு மஞ்சள் கயிறு. கோயில் தெருக் கடைக்காரர்கள் வாங்கிப்போவார்கள். தாயாரைப் பார்க்க வருகிற பெண்கள் அதை வாங்கி ஊருக்குக் கொண்டுபோய் நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். நான் பிறந்தது நகரியில், விசைத்தறி வீட்டில். அங்கே யாரும் மடி, ஆச்சாரம் என்று பெரிதாகப் பார்த்ததில்லை. தறியில் கைவைத்த கையோடு சோறு தின்றவர்கள்தான் நாங்கள்.

எப்போது தொடங்கியது என்று கேட்டால், கொரோனா காலத்தில் என்று சொல்வேன். ஊரே கை கழுவிக்கொண்டிருந்தபோது நானும் கழுவினேன். ஊர் நிறுத்திவிட்டது, நான் நிறுத்தவில்லை. ஒருநாள் பொட்டலம் போடும்போது ஒரு நினைப்பு வந்தது. வெளியில் போய்விட்டு வந்த கையால் குங்குமத்தைத் தொட்டுவிட்டேனே, இந்தக் குங்குமத்தை வைத்துக்கொள்பவளின் புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எங்கோ கடப்பாவிலோ காஞ்சிபுரத்திலோ முகம் தெரியாத ஒருத்தி என்னால் தாலி இழந்து நிற்பது அப்படியே கண்ணில் தெரிந்தது. எழுந்துபோய்க் கழுவினேன், நிம்மதியாக இருந்தது. உட்கார்ந்ததும் இந்தக் கை குழாயைத் தொட்டதே என்று தோன்றியது. மறுபடி எழுந்தேன். சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு அன்று பொட்டலமே ஓடவில்லை.

இந்த ஊரில்தான் இது இத்தனை நாள் ஒளிந்திருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. வேறு ஊராக இருந்தால் யாராவது, “இன்னாடி இது, சதா தண்ணியிலயே நின்னுக்கினு இருக்கிற?” என்று கேட்டிருப்பார்கள். இங்கே என்னடாவென்றால் எனக்குப் பெருமையாகிவிட்டது! கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம், “இது அந்தம்மா கையால போட்டது, அவ்ளோ மடி” என்று சொல்லி விற்றார். எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மா என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். “மகாதல்லி, மகராசி நீ, உன்ன மாதிரி யாரால இருக்க முடியும்?” என்பாள். என் விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். அது தெரியாமலிருக்க மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொள்வேன். அதையும் பார்த்துவிட்டு, “எவ்ளோ லட்சணமான கை!” என்றார்கள். எரிச்சல் உயிர் போகும். சிரித்துக்கொண்டு நிற்பேன்.

இவ்வளவு ஆச்சாரமான நான் தாயார் கோயிலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூட்டத்தில் யாராவது மேலே பட்டுவிட்டால் என்ன செய்வது? வீட்டிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். அதைப் பார்த்தே கும்பிட்டுக்கொள்வேன்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர், அதுதான் எனக்குக் கெடுதலாகப் போயிற்று. “என் கை சுத்தமா இருக்குதாயா?” என்று கேட்டால், “சுத்தமா கீதுமே” என்பார். மறுபடி கேட்பேன், மறுபடி சொல்வார். சோறு ஆறிப்போகிற வரைக்கும் கேட்பேன், அதுவரைக்கும் சொல்வார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கொல்லைப்புறம் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் சீக்கிரம் விடிந்திருக்குமோ என்னவோ.

கை புண் அதிகமாகித் திருப்பதியில் தோல் டாக்டரிடம் போனேன். அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். மருந்தெல்லாம் அப்புறம், ஒரு நாளில் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர்தான் சொன்னார். “களிம்பு தரேம்மா. ஆனா இது தோல் வியாதி இல்ல. மனசுக்குப் பாக்கிற இடம் ஒண்ணு எழுதித் தரேன், ஒரு தடவை போய்ப் பாருங்க” என்றார் டாக்டர். வந்ததே கோபம்! வழி நெடுக ஆட்டோவில் திட்டிக்கொண்டே வந்தேன். “என்னப் பாத்தா லூசு மாதிரி இருக்குதா? சுத்தமா இருந்தா பைத்தியமா? அந்தாளு மொதல்ல அவர் ஆஸ்பத்திரிய கழுவட்டும்.” வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அந்தக் கோடை விடுமுறைக்கு மகள் சித்தூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை செய்கிறாள். சீசன் என்றால் அவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் லீவு போட்டுவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து நின்றாள். அவள் முகமே சரியில்லை. மகளை எதிர் வீட்டில் விளையாட அனுப்பிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, உன் பொண்ணு எங்க ஊட்ல இன்னா பண்றா தெரியுமா? வாசப்படியில நின்னுக்கினு, ‘பெரிம்மா, தொடலாமா?’ன்னு கேக்கறா. நான் மாம்பழத்த நறுக்கிக் கையில குடுக்கிறேன், வாங்க மாட்டேன்றா. நாலு தடவ கை கழுவிட்டு வந்து, ‘இப்போ தொட்டா யாரும் சாவ மாட்டாங்களா?’ன்னு கேக்கறா. ஏழு வயசுப் பொண்ணுடி! எவடி அவளுக்கு இத சொல்லிக் குடுத்தது?”

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. அந்தத் தாலிப் பயத்தை வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவரிடம் கேட்டுக் கேட்டுப் புலம்பும்போது பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்டிருக்கிறாள்.

“எங்க கம்பெனியிலயும்தான் கை கழுவச் சொல்றான்” என்றாள் அக்கா. “கழுவுறோம், கிளவுஸ் மாட்றோம், வேலய பாக்கறோம். கழுவினா முடிஞ்சிபோச்சி. உனக்கு முடிய மாட்டேங்குதே, அது ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?”

அழுதேன். அக்கா என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள். பஸ்ஸில் வந்த புடவை. அந்த அழுகையிலும் நான் பின்னால் நகர்ந்தேன். அவள் கை அப்படியே நின்றது. கூடப் பிறந்தவளிடமிருந்து இப்படி ஒதுங்குகிறேனே என்று எனக்கே பயமாகப் போய்விட்டது. அடுத்த வாரமே அந்தத் தோல் டாக்டர் சொன்ன இடத்துக்குப் போனோம்.

திருப்பதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அது. கவுன்சிலிங் மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். தெலுங்கில் தொடங்கி நான் தடுமாறியதும் தமிழுக்கு வந்துவிட்டார். புத்திமதி சொல்வார், தியானம் பண்ணச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அவரோ காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியம். என் நாள் முழுவதும் குழாயடியில்தான் போயிருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணின் தாலியைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இப்படி ஒரு நினைப்பு வந்து விடாமல் பிடித்துக்கொள்வது ஒரு நோய்தான், எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்றார். மாத்திரை தேவையா என்று பார்க்க மனநல டாக்டர் ஒருவரிடமும் அனுப்பினார். அவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

“மேடம், இது பக்தி இல்லியா?” என்று கேட்டேன்.

“பக்தி பண்ணா மனசு எப்படிம்மா இருக்கும்?”

“லேசா இருக்கும்.”

“கழுவிட்டு வந்தா லேசா இருக்குதா?”

கொஞ்ச நேரம் இருக்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும் என்றேன். அவர் தலையாட்டினார். கோயிலுக்குப் போய் இரண்டு வருஷமான கதை அப்போதுதான் என் வாயிலிருந்து தானாக வந்தது.

அப்புறம்தான் நிஜமான வைத்தியம். பேசிப் பேசியே சரிசெய்வார்கள் என்றுதானே நினைப்போம்? என் செருப்பை எடுத்துக் கையில் பிடிக்கச் சொன்னார்! பிடித்துவிட்டு, கழுவாமல் உட்கார வேண்டும். பயம் வரும், ஏறும், அப்படியே இருந்தால் தானாக இறங்கும், அதைப் பாருங்கள் என்றார். “ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க சொல்லுங்க மேடம், புடிக்கிறேன்” என்று பேரம் பேசினேன். “அத நான் சொல்ல மாட்டேன்” என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதென்ன வைத்தியம், ஒரு தைரியம்கூடச் சொல்ல மாட்டாளா என்று மனசுக்குள் வைதேன். செருப்பைப் பிடித்திருந்த கை வேர்த்து வழிந்தது. மெல்லப் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்தேன். “அம்மா, துடைக்கிறதும் கழுவுறதுதான், மறுபடி பிடிங்க” என்று கேட்டது குரல். எங்கே பார்த்தாளோ! மறுபடி பிடித்தேன். ரொம்ப நேரம் கழித்து, சோறு கொதி அடங்குகிற மாதிரி, பயம் அடங்கியது. நான் ஒன்றும் செய்யாமலே அடங்கியது. அதை நம்பவே முடியவில்லை.

அவர் ஏன் தைரியம் சொல்லவில்லை என்பது பின்னால் புரிந்தது. வீட்டில் அதைத்தான் ஒருவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாரே. மேடம் அவரையும் கூப்பிட்டுப் பேசினார். இனிமேல் சுத்தமா என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. அந்த மனிதர் அதற்குத்தான் அழுதார். “கேட்டா சொல்லாம எப்படி மேடம் இருக்கிறது? பாவமா இருக்குதே” என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, “நீதான்மே சொல்லிக்கணும்” என்றார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சுலபமாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில வாரம் முன்னேறுவேன், சில வாரம் பழையபடி குழாயடிதான். எதிர் வீட்டு அம்மா வேறு, “என்ன தல்லி, மடியெல்லாம் கொறஞ்சிபோச்சு?” என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குச் சோப்புக்கட்டி பாதியானது. மேடத்திடம் போய், என்னால் ஆகாது, விட்டுவிடுங்கள் என்றேன். “சரியாயிட்டேன்னு எத வச்சிம்மா நீங்க தெரிஞ்சிப்பீங்க?” என்று அவர் கேட்டார். யோசிக்கவே இல்லை. “என் பொண்ணு தொடலாமான்னு கேக்காம உள்ள வரணும்” என்றேன்.

நான் கேட்காதே என்று சொன்னாலும் அவள் கேட்டாள். “வா கண்ணு” என்று கை நீட்டினாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிற்பாள். அப்பனைப் பார்ப்பாள். நானாகத் தூக்கினால் விறைப்பாக இருப்பாள், தன் கையை என்மேல் படாமல் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளையும் மேடம் சில தடவை பார்த்தார், படம் வரையவிட்டுப் பேசினார். என் பயம் இறங்க இறங்க அவளுடையதும் இறங்கும், பொறுங்கள் என்றார். பொறுத்தேன், வேறென்ன செய்வது? நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று தாயாரைப் பார்த்துவிட்டும் வந்தேன். எத்தனை பேர் மேலே பட்டார்கள் தெரியுமா! திரும்பி வந்து குளிக்காமல் காபி போட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நல்ல மழை. குங்குமத்தை முன்னால் கொட்டிவைத்துப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அடுத்து வாசல் வழியாக மகள் ஓடி வந்தாள். நனைந்த யூனிஃபார்ம், காலெல்லாம் தெருச் சேறு. “அம்மா, இன்னைக்கி ஓட்டப் பந்தயத்துல நான் ஃபஸ்ட்டு!” என்று கத்திக்கொண்டு நேராக என் மடியில் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஈரக் கை என் கன்னத்தில், சேற்றுக் கால் என் புடவையில்.

கேட்கவே இல்லை அவள். மறந்துவிட்டாள்.

குழாய் இருக்கிற பக்கம் என் கண் போயிற்று. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அதே கையால் குங்குமத்தை அள்ளிக் கவரில் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உடம்பு மெல்ல விறைத்தது.

“அம்மா, நீ கை கழுவல.”

“கழுவல.”

“பயமா இல்லியா உனக்கு?”

“பயமாத்தான் கீது” என்றேன். “நீ எறங்காத.”