ஏணி மேலிருந்து எடுத்த படம்

தைனான் நகரத்தில் குள்ளமான மணப்பெண்கள் பீ-யுன்னைத் தேடித்தான் வருவார்கள். கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, மண்டியிட்டு எடுப்பாள். படத்தில் கால்கள் நீண்டு தெரியும். அவளுடைய பேன்ட் எல்லாமே முட்டியில் நைந்திருக்கும். அவளும் தம்பி தே-ஷெங்கும் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோவில் பதினோரு வருஷம் மேக்கப் போட்டவள் நான்.

ஒரு அக்டோபரில் ரூய்-ஆன் வந்தாள். ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். மாப்பிள்ளை யென்-தோங் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, எல்லாரும் என்னை மேல இருந்துதான் பாக்கறாங்க. கல்யாணப் படத்துலயாவது அது வேண்டாம்."

பீ-யுன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "சத்தியமா எடுக்கமாட்டேன். நாற்காலியையும் மறைக்கமாட்டேன். போதுமா?"

உப்பளத்தில் படம் எடுத்தோம். கேமரா ரூய்-ஆனின் நெஞ்சு உயரத்தில் நின்றது. மாப்பிள்ளை உட்கார ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள் பீ-யுன்.

"இப்பத்தான் ஐயா என் உயரத்துக்கு வந்திருக்காரு!" என்று ரூய்-ஆன் சீண்டினாள். அவனும் சிரித்தான்.

பீ-யுன் வேறு லென்ஸ் எடுக்க வண்டிக்குப் போனபோது, தே-ஷெங் ஏணியை விரித்து மேலே ஏறினான். மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"சும்மா வெளிச்சம் பாக்கத்தான். நிமிந்து அவரைப் பாருங்க," என்றான் ரூய்-ஆனிடம். என்னிடம், "கவுனை நல்லா விரிச்சுப் போடுங்கக்கா," என்றான். போட்டேன். சக்கரங்கள் மறைந்தன.

விருந்து நாளில் மண்டப வாசலில் ஆளுயரப் படம் ஒன்று நின்றது. ஏணி மேலிருந்து எடுத்தது. தரையில் உட்கார்ந்து புருஷனை அண்ணாந்து பார்க்கும் பொம்மைபோல இருந்தாள் ரூய்-ஆன். பீ-யுன் மொய்ப்பணம் வைத்த சிவப்பு உறையைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

"இதை எடுத்தப்ப நீ பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்ல," என்றேன்.

தம்பியை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"மாப்பிள்ளைதான் கேட்டாருக்கா. ஆபீஸ் ஆளுங்க வருவாங்க, நாற்காலி தெரிய வேண்டாம்னு. நமக்கென்ன?"

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

உள்ளே மணமக்கள் விருந்தாளிகளோடு கோப்பை உயர்த்திக் குடிக்க மேசை மேசையாக வந்தார்கள். எங்கள் மேசையில் ரூய்-ஆன் கோப்பையைத் தூக்கவில்லை. "உங்களை நம்பினேனேக்கா," என்றாள் மெதுவாக.

பீ-யுன் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மேசையில் இருந்த மீன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கல்யாணம் அங்கேயே உடைந்திருக்கும்.

"என் தப்புதாம்மா," என்றாள்.

அடுத்த வாரமே ஸ்டூடியோவை விட்டு வெளியேறினாள். உப்பளத்துப் படங்கள் முழுவதையும் ரூய்-ஆனுக்கு அனுப்பினாள். பார்சல் பிரிக்காமலே திரும்பி வந்தது. இப்போது சியாயி என்ற ஊரில் பள்ளிக்கூடக் குழுப் படங்கள் எடுக்கிறாளாம். புத்தாண்டுக்கு அம்மா வீட்டுக்கு வந்தால் தம்பி இருக்கும் மேசையில் உட்காருவதில்லை. தே-ஷெங் இன்னொரு கிளை திறந்துவிட்டான்.

எனக்கு மட்டும் இன்னும் போன் செய்கிறாள். "நீயாவது அன்னைக்கு என் பக்கம் இருந்தே," என்கிறாள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.