கால் இழுத்து நடந்த வெளிச்சம்

ஒரு பழைய வேன், அதன் கூரையில் கட்டிய மரப்பெட்டி, அடங்காத வாய் கொண்ட ஐந்தாறு பேர். நாடகக் குழு என்றால் அவ்வளவுதான். பெட்டிக்குள் விளக்குகள். அவற்றுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் லைட்டண்ணன் என்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டவர். கடைகளுக்கு ஒயர் இழுத்து, ஷாக் அடித்து அடித்தே தொழில் படித்தவர். எண்ணெய் டின்னை வெட்டி அவரே ஒரு விளக்கு செய்திருந்தார். கையால் திருப்பினால் மேடையில் வெளிச்சம் ஆள் போல நடக்கும். இது வேறு எவனுக்கும் வராது என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். சொன்னால் என்ன, உண்மைதானே? பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு திண்டாடுகிற வேலையை அவர் ஒரு கையால் செய்வார். மறு கையில் டீ கிளாஸ் இருக்கும்.

அவருடைய தங்கச்சியும் அதே குழுவில் நடித்தாள். சின்ன வயதில் படியில் விழுந்ததிலிருந்து இடது கால் கொஞ்சம் இழுக்கும். அவர்கள் போட்டது எழுதி வைத்த நாடகம் இல்லை. ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. தரையில் சாக்பீஸ் கோடுகள்தான் அறைகள். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஊருக்கு ஊர் புதிதாகச் சண்டை பிடிப்பார்கள். வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிற மூத்த மகள்தான் தங்கச்சி. அறை அறையாக நடந்து, நாற்காலி அருகே நின்று, அதன் முதுகை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள்.

பயணத்தின் நடுவே காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அடுத்த ஊரில் ஒப்புக்கொண்ட ஆட்டம் இருந்தது. "ஆள் வேண்டாம், வெளிச்சம் போதும்" என்றார் லைட்டண்ணன். அவள் நடந்த வழியில் வெளிச்சத்தை நடத்தினார். மற்றவர்கள் அந்த வட்டத்தோடு பேசினார்கள், சண்டை போட்டார்கள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. இதுவல்லவா புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. அதையும் அவர் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். நாற்காலி வந்ததும் மணிக்கட்டு தானாக நின்றுவிடுவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வருஷங்கள் ஓடின. ஒருநாள் டைரக்டர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"அண்ணே, பாக்கறவங்களுக்கு அது புதுமை. நமக்கு தினமும் எழவு வீடு. உயிரோட ஒருத்தியப் போடுவோம்."

யாரை வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் என் விளக்கு எவள் பின்னாலும் போகாது, அவள்தான் விளக்கின் பின்னால் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வட்டமும் போய்விட்டால் தங்கச்சிக்கு நடக்க இந்த உலகத்தில் வேறு இடம் ஏது?

புதிதாக வந்த பெண் தங்கச்சியைப் பார்த்ததே இல்லை. கால் இழுப்பதைப் பற்றி யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. காலியான ஒரு கூடத்தில் ஒத்திகை. வெளிச்சம் போன பக்கமெல்லாம் சொன்னபடி கேட்டு நடந்தாள். சில நாளில் அவள் இடது கால் பின்தங்கத் தொடங்கியது. பிறகு நாற்காலி அருகே நின்றவள் அதன் முதுகை இரண்டு விரலால் பிடித்தாள். அப்பா வேஷம் போடும் வேன் டிரைவர் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் பின்வாங்கினார். யார் சொல்லிக்கொடுத்தது என்று டைரக்டர் கேட்டார். யாரும் இல்லை, வெளிச்சம் அங்கே தயங்குகிறது, நானும் தயங்கினேன் என்றாள்.

லைட்டண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் ஏறியதும் டிரைவரின் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? செத்தவளையே கூட்டிட்டு வந்துட்டேன்."

டிரைவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். "கூட்டிட்டு வந்தீங்க, சரி. திருப்பி அனுப்பத் தெரியுமா?"

ஆட்டம் நடக்க வேண்டிய நாளன்று பகலில், தரையைத் துடைக்க அந்தப் பெண் முற்றத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல வெயில். விளக்கும் இல்லை, மேடையும் இல்லை. இடது கால் இழுத்தது.

"கால்ல என்னம்மா?" என்றார் லைட்டண்ணன்.

"தெரியலண்ணே. ரூம்லயும் இப்படித்தான் வருது." வாளியைக் கீழே வைத்தாள். "வலிச்சாக்கூடப் பரவால்ல. வலியே இல்ல. என் கால் மாதிரியே இல்ல."

அவர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மாலை ஆட்டம் தொடங்கியது. கோட்டின் ஓரத்தில் அவள் வெளிச்சம் நகரட்டும் என்று காத்து நின்றாள். அது நகரவில்லை. விளக்கின் சூடு அவர் முகத்தில் அடித்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இத்தனை வருஷத்தில் ஆட்டத்தின் நடுவே ஒரு சொல் பேசாதவர், விளக்குக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"நீ நடம்மா. நான் பின்னாடி வரேன்."

அதுவும் நாடகம்தான் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. அவள் ஓரடி வைத்தாள். கால் இழுத்தது. இன்னோர் அடி. பிறகு விறுவிறுவென்று, சின்னப் பெண்களுக்கே உரிய நடையில், நாற்காலியைத் திரும்பியும் பாராமல் தாண்டிப் போனாள். வெளிச்சம் தடுமாறி அவள் தோளைத்தான் பிடித்தது. வாழ்நாளில் அவர் கை தவறியது அன்றுதான்.

நாற்காலி இருட்டில் தனியாக நின்றது. அங்கே தரையில் ஒரு கால் இழுபடும் சத்தம் கேட்டது. நின்றது. யாரோ சாய்ந்ததுபோல நாற்காலியின் முதுகு மெல்ல முனகியது. மேடையில் டிரைவரின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

விளக்கை நாற்காலிப் பக்கம் திருப்ப, மணிக்கட்டைக் கொஞ்சம் அசைத்தால் போதும். அவரைவிட வேகமாக அதைச் செய்ய எவனும் பிறக்கவில்லை.

அவர் அந்தப் பெண்ணின் பின்னாலேயே விளக்கைக் கொண்டுபோனார்.